பட்டன் கத்தியும் பேனாக்கத்தியும்

ஒரு கத்தி வாங்குவதற்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நம் தலைமுறைக்கு அது ஒரு விஷயமே இல்லை. சந்தையிலோ திருவிழாக் கடையிலோ ஒரு பேனாக்கத்தி வாங்கிப் பையில் போட்டால் பத்து வருஷம் ஓடிவிடும். ஆனால் இப்போது காலை நடையில் கூட வருகிறவர்களில் இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பேரன் செல்போனில் பார்த்துவிட்டு, பட்டனை அமுக்கினால் ‘டக்’கென்று வெளியே பாய்கிற கத்திதான் வேண்டும் என்கிறானாம். வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா? இன்னொருவருக்குத் தனக்கே அப்படி ஒன்று வாங்கிச் சேர்த்து வைக்க ஆசை. தினமும் கையில் வைத்துக்கொள்ளும் சாமான்களுக்கு ‘ஈ.டி.சி.’ என்று ஒரு பெயர் வேறு வைத்திருக்கிறார்களாம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையில் ஒரு கத்தி இருக்கட்டும், நல்லது. அது பட்டன் கத்தியாக இருக்க வேண்டாம். சேகரிக்கும் ஆசை இருந்தால், அதற்கும் பட்டன் கத்தியைவிட அருமையான பொருள் நம்மிடமே உண்டு.

முதலில் கத்தி எதற்கு என்று பார்ப்போம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஐந்தருவிப் பாதையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்துவிடும். வெளியூர்க்காரர்கள் மங்குஸ்தானை ஆப்பிள் மாதிரி நடுவில் இரண்டாகப் பிளந்து, சுளையையும் வெட்டி, தோலின் மஞ்சள் பாலையும் அதில் இழுகி, கசக்கிறது என்று துப்புவார்கள். தோலை மட்டும் சுற்றிவரக் கீறி, இரண்டு கையாலும் லேசாகத் திருகினால் தொப்பி கழன்று வருவதுபோல் வந்துவிடும். சுளை வெள்ளைவெளேரென்று இருக்கும். பழத்தின் அடியில் பூப்போல ஒரு தழும்பு இருக்கிறதல்லவா, அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இந்த வேலைக்கு இரண்டு அங்குலக் கத்தி தாராளம்.

கொய்யா நறுக்க, மாங்காய் கீற, சணல் அறுக்க, கூரியரில் வருகிற பெட்டியின் டேப்பைக் கிழிக்க, நம் வயதில் கைக்கு அடங்காத மருந்து அட்டையைத் திறக்க, எல்லாவற்றுக்கும் அதே கத்திதான். செங்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இதைப் ‘பிச்சாத்தி’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மலையாளச் சொல். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தானே!

இனி பட்டன் கத்திக்கு வருவோம். அதன் சூட்சுமம் ரொம்பச் சாதாரணமானது. கைப்பிடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். பிளேடை மடக்கும்போது அது இறுகிக்கொள்ளும். பிளேடின் அடியில் உள்ள ஒரு பள்ளத்தில் பட்டனின் கொக்கி விழுந்து பிடித்துக்கொள்ளும். பட்டனை அமுக்கினால் கொக்கி விலகும், ஸ்பிரிங் பிளேடை வீசித் திறக்கும், திறந்த நிலையில் மறுபடி ஒரு கொக்கி விழுந்து பூட்டிக்கொள்ளும். இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று பக்கவாட்டில் விசிறிபோல் திறப்பது. இன்னொன்று கைப்பிடியின் நுனியிலிருந்து நேராக முன்னால் பாய்வது. பட்டன் இல்லாமல், நாம் கொஞ்சம் தள்ளிவிட்டால் மீதியை ஸ்பிரிங் பார்த்துக்கொள்கிற அரைத் தானியங்கி ரகமும் உண்டு.

இதன் கவர்ச்சி முழுக்க அந்தச் சத்தத்தில் இருக்கிறது. அந்தச் சத்தத்தை உலகத்துக்கு அறிமுகம் செய்தது சினிமா. 1955-ல் ஜேம்ஸ் டீன் நடித்த ‘ரெபல் வித்தவுட் எ காஸ்’ படத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இந்தக் கத்தியோடு மோதிக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெற்றோருக்கும் பத்திரிகைகளுக்கும் இதே பயம்தான் பிடித்திருந்தது. 1958-ல் மத்திய சட்டமே கொண்டு வந்து மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தார்கள். அடுத்த வருஷமே பிரிட்டனும் தயாரிப்பு, விற்பனை இரண்டையும் தடை செய்தது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பிற்பாடு தங்கள் சட்டத்தைத் தளர்த்திவிட்டன. பிரிட்டன் எதிர்த்திசையில் போய், 2019-ல் ஒரு சட்டம் இயற்றி, வீட்டுக்குள் வைத்திருப்பதையும் குற்றமாக்கிவிட்டது. லண்டனில் மகன் இருக்கிறான், அவனுக்கு ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இந்த வகைக்குப் பெயர் போனது உத்தரப் பிரதேசத்து ராம்பூர். நவாபுகள் காலத்திலிருந்து வருகிற தொழில். இந்திப்பட வில்லன்கள் ‘ராம்பூரி’ என்று சொன்னாலே தியேட்டர் அமைதியாகிவிடும். பட்டனில் திறப்பதும் உண்டு, பல்சக்கரம் வைத்துக் கரகரவென்று சத்தம் போட்டுத் திறப்பதும் உண்டு. 2023-ல் அந்த ஊரில் சுமார் 20 அடி நீளத்தில் ஒரு ராம்பூரிக் கத்தியைச் செய்து நாற்சந்தியில் சிலை மாதிரி நிறுத்தியே விட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் என்பதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நம் ஆயுதச் சட்டம் 1959-ஆம் வருஷத்தியது. அதன் விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்யப்பட்டவை மட்டும் விலக்கு. அதனால்தான் அரிவாள்மனைக்கும் பன்னரிவாளுக்கும் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை.

அப்படியானால் 4 அங்குலப் பட்டன் கத்தி தப்பித்துவிடுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வகை ஆயுதங்களுக்குத் தனியாகக் கட்டுப்பாடு விதிக்க அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் தருகிறது. டெல்லியில் 1980-ல் அப்படி ஓர் அறிவிக்கை வந்தது. ஸ்பிரிங்கில், பட்டனில், பல்சக்கரத்தில், வேறு எந்த இயந்திர ஏற்பாட்டில் திறந்தாலும் சரி, பிளேடு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டிவிட்டால் அது கட்டுப்பாட்டுக்குள் வரும். 7.62 சென்டிமீட்டர் என்றால் சரியாக 3 அங்குலம். நம் ஊரில் கூரியரில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மகளைப் பார்க்க டெல்லிக்கு ரயிலேறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்துக்கு வேறொரு விஷயமும் உண்டு. தேர்தல், கோயில் கொடை, தலைவர்களின் நினைவு நாள் என்று வந்தால் தடையுத்தரவு போடுவார்கள். நாம் 144 என்று சொல்லிப் பழகியது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 163 ஆகிவிட்டது. எண் மாறினாலும் சோதனைச் சாவடி மாறவில்லை. பஸ்ஸை நிறுத்தி ஏறும் காவலர் பையைத் துழாவும்போது நகக்கீறலில் விரலை விட்டுத் திறக்கிற பேனாக்கத்தி வந்தால், “என்ன பெரியவரே, பழம் வெட்டவா?” என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தருவார். அமுக்கினால் பாய்கிற கத்தி வந்தால் அந்தக் கேள்வி அவர் வாயில் வராது. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. நம் தென்மாவட்டங்களுக்கு அரிவாள் என்றொரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் பாதி சினிமாக்காரர்கள் ஒட்டியது. மீதிப் பாதி உண்மை என்பது நமக்குத்தான் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. அவர் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் கட்டுகிற கயிறு, நெற்றியில் வைக்கிற பொட்டு வரைக்கும் பேச வேண்டிய நிலைமையில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இந்தச் சூழ்நிலையில் பதினாறு வயதுப் பையன் கையில், காட்டி மிரட்டுவதற்கென்றே சத்தம் போடுகிற ஒரு சாமானைத் தாத்தாவே வாங்கிக் கொடுக்கலாமா?

“அரிவாளால் வெட்டினான் என்பதற்காக அரிவாளையே ஒழிப்பீரா வேய்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். கெட்ட எண்ணம் உள்ளவனுக்குக் கருங்கல் போதும். அரிவாளை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரிவாளுக்குத் தேங்காய் இருக்கிறது, கருவேலம் இருக்கிறது, நுங்கு இருக்கிறது. பனையேறுகிறவர் இடுப்பில் பாளை அரிவாள் இல்லாவிட்டால் பதநீர் ஏது? அந்தப் பட்டனுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. மங்குஸ்தான் எங்கேயும் ஓடிப்போகாது. சணல் கயிறு நமக்காகக் காத்திருக்கும். அரை நொடியில் கத்தி திறந்தாக வேண்டிய அவசரம் எந்த வீட்டு வேலையிலும் கிடையாது. அந்த அவசரம் இருப்பது சண்டையில் மட்டும்தான். இரண்டு கையாலும் நிதானமாகத் திறக்க வேண்டிய கத்தியில், கோபத்துக்கும் செயலுக்கும் நடுவே இரண்டு மூச்சு விடுகிற நேரமாவது கிடைக்கிறது. நம் ஊரில் பல குடும்பங்கள் நாசமாய்ப் போனது அந்த இரண்டு மூச்சு இல்லாததால்தான்.

பட்டன் கத்திக்கு ஆதரவாக ஒரு நேர்மையான வாதம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு கை மட்டுமே உள்ளவர்களுக்கும் விரல் மூட்டு வாதத்தால் நகக்கீறலைப் பிடிக்க முடியாதவர்களுக்கும் அது உண்மையிலேயே உதவும். நான் சொன்ன 1958-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டத்திலேயே, ஒரு கை மட்டும் உள்ளவர் 3 அங்குலத்துக்கு மிகாத பட்டன் கத்தி வைத்துக்கொள்ள விலக்கு கொடுத்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒரு மனிதர் யோசித்திருக்கிறார். ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கும் இப்போது வேறு வழி இருக்கிறது. பிளேடில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குத் துளை போட்டோ, சின்னக் குமிழ் வைத்தோ கத்திகள் வருகின்றன. ஸ்பிரிங் இல்லாமலே ஒரு கையால் திறக்கலாம். அதுவும் முடியாதென்றால் உறைபோட்ட சின்னக் காய்கறிக் கத்தி இருக்கவே இருக்கிறது.

சரி, வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீளம் இரண்டு முதல் இரண்டரை அங்குலம் போதும். எந்த ஊருக்குப் போனாலும் வம்பில்லாத அளவு அது. பிரிட்டனில்கூட 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டு விழாத மடக்குக் கத்தியைக் காரணம் கேட்காமல் அனுமதிக்கிறார்கள்.

இரும்பு எது? சாரல் ஊரில் துருப்பிடிக்காத எஃகுதான் வசதி. பழைய கார்பன் எஃகு நல்ல கூர் பிடிக்கும், சாணையில் சீக்கிரம் தீரும். ஆனால் எலுமிச்சை, மாங்காய் பட்டால் கறுத்துவிடும். ஈரத்தோடு மடக்கிவைத்தால் மறுநாளே துரு. துடைத்து வைக்கிற பொறுமை உள்ளவர்கள் மட்டும் அதை வாங்குங்கள்.

கடையில் வைத்தே திறந்து மூடிப் பாருங்கள். திறந்த நிலையில் பிளேடை இடவலமாக அசைத்தால் ஆடக்கூடாது. மடக்கினால் பிளேடு கைப்பிடியின் நடுவே உட்கார வேண்டும், ஒரு பக்கத்தில் உரசக்கூடாது. கடைசி வரை ஸ்பிரிங்பட்டையின் இழுப்பு தெரிய வேண்டும். தொளதொளவென்று மடங்குகிற கத்தி விரலில் மடங்கும்.

ஆணிமூட்டுக்குத் தேங்காயெண்ணெய் போடாதீர்கள். நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். பழம் நறுக்குமுன் பிளேடைத் துடைத்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் பலாப்பழத்துக்குத்தான், கத்தியில் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. பட்டன் கத்தியில் இந்தத் தூசித் தொல்லை இன்னும் அதிகம். முன்னால் பாய்கிற ரகத்தில் பைத் தூசியும் மணலும் உள்ளே போய்விட்டால் பிளேடு பாதி வழியில் நின்றுவிடும்.

கூர் முக்கியம். மொட்டைக் கத்தியைத்தான் அழுத்திப் பிடித்து வெட்டுவோம், அதுதான் வழுக்கிக் கையில் ஏறும். தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்தால் விடாதீர்கள். அவர் குரல் இப்போது அபூர்வமாகிவிட்டது. விமானத்தில் போகும்போது கத்தியைக் கைப்பையில் வைக்காமல், சரக்கில் போடுகிற பெட்டியில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ சோதனை மேசையில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

பேரனுக்கு ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சுவிஸ் ராணுவக் கத்தி மாதிரி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதைச் செய்தவர் கார்ல் எல்செனர். 1884-ல் பட்டறை ஆரம்பித்து, 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். நாம் படங்களில் பார்க்கிற சிவப்புக் கத்தியின் மூதாதை 1897-ல் வந்தது. ராணுவத்துக்கென்று பிறந்த கத்தியில் என்ன இருந்தது தெரியுமா? டின் திறக்கிற கருவி, ஸ்குரூ டிரைவர், துளைபோடுகிற ஊசி. துப்பாக்கியைக் கழற்றி மாட்டவும் சோற்று டின்னைத் திறக்கவும்தான். அதோடு சைக்கிள் செயினையும் ரேடியோவையும் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பையன் கையில் ஒரு தொழில் நிற்கும்.

கடைசியாக, சேகரிக்கிறவர்களுக்கு. இத்தாலிக் கத்தியும் ராம்பூரிக் கத்தியும் தேடுகிற நேரத்தில், நம் ஊர்ப் பழைய பொருளைத் தேடுங்கள். மடக்கெழுத்தாணி என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தாம் படித்த காலத்து எழுத்தாணிகளை மூன்று வகையாகச் சொல்கிறார்: குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி. மடக்கெழுத்தாணியில் ஒரு பக்கம் கத்தி, ஒரு பக்கம் எழுத்தாணி. இரண்டையும் கைப்பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். ஓலையை நறுக்கி ஒழுங்குபண்ணக் கத்தி, எழுத ஊசிமுனை. பேனாக்கத்தி என்ற பெயரே இறகுப் பேனாவைச் சீவிய கத்தி என்பதால் வந்தது. நம்மவர்கள் கத்தியையும் பேனாவையும் ஒரே பிடியில் வைத்துவிட்டார்கள்! இங்கே பக்கத்தில் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடிய காலமும் ஓலையும் எழுத்தாணியுமான காலம்தான்.

பாக்குவெட்டியும் அப்படித்தான். கிளி, குதிரை என்று உருவம் வைத்து வார்த்த பழைய பாக்குவெட்டி கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கலாம். கொல்லர் பட்டறையில் லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்த அரிவாளும் சேர்த்து வைக்க வேண்டிய பொருள்தான். அங்கே ஸ்பிரிங் பிடிக்குள் ஒளிந்திருப்பதில்லை, ஸ்பிரிங்கே அரிவாளாகிவிடுகிறது.

சேர்ப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. தந்தப் பிடி வைத்ததை விலைக்கு வாங்காதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் குற்றம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை அமெரிக்கா போகிற மகன் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மூன்றாவது, பழைய இரும்பைப் புளியும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். கறுப்பு இருக்கட்டும். மென்துணியால் துடைத்து லேசாக எண்ணெய் தொட்டு வைத்தால் போதும். யார் வீட்டுப் பொருள், எந்த ஊர், யார் பயன்படுத்தியது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே கட்டி வையுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நமக்குப் பிறகு அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும், கிலோ விலைக்கு.

பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், பழைய வெற்றிலைச் செல்லத்தின் அடித்தட்டில் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள். பட்டன் கத்திக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் பேரனுக்கு ஒரு நல்ல பேனாக்கத்தி வாங்கிக் கொடுத்து, அதை எப்படி மடக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். இன்னொருவர் கையில் கொடுக்கும்போது பிடி அவர் பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.